*க்⁴வென்- ‘அடி, கொல்’: ஒரு இந்தோ-ஐரோப்பிய வினைவேரும் அதன் வழித்தோன்றல்களும்

வேர்த்தேடல்

முதலில் எழுத்து வழக்கைச் சொல்லிவிடுகிறேன். சுலோகப் புத்தகங்களில் அச்சிடுவது போலவே க² மூச்சொலி, க³ அதிர்வொலி, க⁴ இரண்டும் சேர்ந்தது. ச, த, ப வரிசைகளுக்கும் அப்படியே. க்⁴வ என்று எழுதுவது இரண்டு மெய்களின் கூட்டு அல்ல, உதட்டைக் குவித்தபடி ஒலிக்கும் ஒரே க⁴. முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த வடிவம் எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் கிடைத்ததல்ல, ஒப்பீட்டால் மீட்டெடுத்தது என்று பொருள்.

சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் முதலான இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் பொது மூலமொழியில் *க்⁴வென்- ‘அடி, கொல்’ ஒரு வினைவேர். அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. இதன் நிகழ்கால வாய்பாடு (ஒரு வினையின் வடிவங்களின் முழு வரிசை) இரண்டு மொழிகளில் ஏறக்குறைய அப்படியே கிடைக்கிறது.

அவன் கொல்கிறான்: *க்⁴வென்-தி. சமஸ்கிருதம் ஹந்தி. ஹிட்டைட் (இன்றைய துருக்கியில் வழங்கிய பண்டை மொழி) கு-என்-ஸி.
அவர்கள் கொல்கிறார்கள்: *க்⁴வ்ன்-என்தி. சமஸ்கிருதம் க்⁴னந்தி. ஹிட்டைட் கு-ந-அன்-ஸி.

ஒருமையில் அழுத்தம் வேரின் மேல் விழுகிறது, அதனால் எ நிற்கிறது. பன்மையில் அழுத்தம் விகுதிக்குப் போகிறது, வேரின் எ உதிர்கிறது. ஹிட்டைட் தலைநகர் ஹட்டுசாவின் களிமண் பலகைகளில் எழுதியவர்களுக்கும் வேத சூக்தங்களைப் பாடியவர்களுக்கும் இடையே தொடர்பு இருந்ததற்குச் சான்றே இல்லை. அப்படியிருந்தும் ஒரே வினையில், ஒரே இடத்தில் உயிர் மறைகிறது. ஒரு சொல் ஒத்திருந்தால் தற்செயல் எனலாம், கடன் எனலாம். இப்படி ஒரு திரிபு முழுதாக ஒத்திருந்தால் அந்த இரண்டு விளக்கமும் நிற்காது.

இந்த இழையில் நான் வற்புறுத்தப்போவது இதைத்தான்: அகராதியின் தலைச்சொற்களை அருகருகே வைத்து வேரைத் தேடாதீர்கள். வாய்பாடுகளை வையுங்கள்.

தாதுபாடம்

ஒரு ஐயம். சமஸ்கிருத இலக்கணத்தில் தாது, அதாவது வினைவேர், ‘ஹன்’ தான். க⁴ வருவது ஆதேசத்தால், ஓர் எழுத்தின் இடத்தில் இன்னொன்று வருவதால். பாணினி 7.3.54 ‘ஹோ ஹந்தேர் ஞ்ணிந்நேஷு’: ஞ், ண் இத்தாக (ஒலிக்காத அடையாள எழுத்தாக) உள்ள விகுதிகளுக்கு முன்னும், ந-வுக்கு முன்னும் ஹன்னின் ஹ-வுக்குக் க-வர்க்க எழுத்து வரும். க்⁴னந்தியில் நடுவிலுள்ள அ கெடுவது 6.4.98-ஆல். ஆக, ஹ-விலிருந்து க⁴ பிறக்கிறது. நீங்களோ க⁴-வை மூலம் என்கிறீர்கள். எப்படி?

வேர்த்தேடல்

சூத்திரம் துல்லியமானது. எந்த இடத்தில் ஹ, எந்த இடத்தில் க⁴ என்பதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அது மொழியின் இன்றைய நிலையைப் பிழையின்றிப் பிறப்பிப்பதற்கான விதி. வரலாறு எதிர்த்திசையில் ஓடியிருக்கிறது. படிகளை வரிசையாகப் பாருங்கள்.

முதலில் உதட்டுக் குவிவு போயிற்று: *க்⁴வென்தி > *கெ⁴ன்தி. அடுத்து, எ, இ போன்ற முன்னுயிர்களுக்கு முன் க⁴ அண்ணச் சாயல் பெற்றது: *ஜெ⁴ன்தி. அதற்குப் பிறகுதான் எ, ஒ இரண்டும் அ-வாகின: *ஜ⁴ன்தி. கடைசியாக இந்த ஜ⁴ வெறும் மூச்சாகி ஹந்தி.

இரண்டாம் படியும் மூன்றாம் படியும் இடம் மாறினால் கதை கெட்டுவிடும். எ முதலிலேயே அ-வாகியிருந்தால் க⁴-வை மாற்ற முன்னுயிரே இருந்திருக்காது, *க⁴ந்தி என்றுதான் கிடைத்திருக்கும். பன்மையில் க⁴-வுக்கு அடுத்து நேராக ன் நிற்பதால் அது மாறாமல் தப்பித்தது. ஹ-வும் க⁴-வும் மாறிமாறி வருவதற்கு இதைவிட எளிய விளக்கம் கிடையாது. சமஸ்கிருதத்தில் எகரமே இல்லாமல் போன பிறகும், அது எங்கே இருந்தது என்பதை ஹகரம் காட்டிக்கொண்டிருக்கிறது. 1870-களில் பலர் ஏறத்தாழ ஒரே சமயத்தில் கண்டறிந்த ‘அண்ணவொலி விதி’ இதுதான். அதுவரை சமஸ்கிருதத்தின் அ-வே மூல உயிர், கிரேக்கத்தின் எ, ஒ பின்னால் பிரிந்தவை என்று நம்பியிருந்தார்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எ/ஏ, ஒ/ஓ வேறுபாட்டை நம் எழுத்து காட்டுகிறது, தேவநாகரி காட்டுவதில்லை. மூல வடிவங்களின் உயிர்களை எழுதத் தமிழ் எழுத்தே வசதி.

ஒலிநூல்

தமிழ் படித்தவர்களுக்கு இந்த அண்ணமாதல் புதிதல்ல. கன்னடத்தில் கிவி, நமக்குச் செவி. கன்னடத்தில் கெய், நமக்குச் செய். முன்னுயிருக்கு முன் க > ச. அடுத்து ட, ண, ள போன்ற நாமடி ஒலி வந்தால் தமிழில் இந்த மாற்றம் நிகழவில்லை: கெடு, கிளி, கிணறு. சூழலைப் பார்க்காமல் ‘க ச-வாகும்’ என்று மட்டும் எழுதினால் கிளியில் இடறும். *க்⁴வென்- விஷயத்திலும் அதே கவனம் வேண்டும்.

கிரேக்கம் இதைவிடத் தெளிவாக இருக்கிறது.

எ-வுக்கு முன் த²: தெ²இனோ ‘அடிக்கிறேன்’.
ஒ-வுக்கு முன் ப²: பொ²னொஸ் ‘கொலை’.
மெய்க்கு முன் ப²: எபெப்²னொன் ‘கொன்றேன்’.
எ இழந்த வேரில் ப²: அரேய்ப²தொஸ் ‘போரில் மாண்ட’ என்ற ஹோமர் சொல்லின் பின்பாதி.

தெ²இனோவும் பொ²னொஸும் ஒரே வேர் என்று அகராதியை மட்டும் புரட்டினால் தோன்றவே தோன்றாது. கிரேக்கத்துக்குள்ளேயே இதற்குப் பழைய சான்று உண்டு. மிகப் பழைய கிரேக்கத்தை எழுதிய மைசீனிய லீனியர் பி எழுத்தில் இந்த உதட்டுக் குவிவு ஒலிகளுக்குத் தனி வரிசையே இருந்தது. அது 1952-இல் படித்தறியப்பட்டபோது, மீட்டெடுத்த ஒலி ஏட்டிலேயே உட்கார்ந்திருந்தது. பிற்காலத்தில் -பொ²ன்தேஸ் என்று முடியும் பெயர்களின் (பெல்லெரோபொ²ன்தேஸ் போன்றவை) பழைய வகை அங்கே அந்தத் தனி வரிசை எழுத்தோடு வருகிறது.

களிமண்பலகை

ஹிட்டைட் பக்கம் ஒரு எச்சரிக்கை. ஆப்பெழுத்து அசையெழுத்து, சொல்முதலில் க, க³, க⁴ வேறுபாட்டை அது காட்டாது. ஆகவே கு-என்-ஸியிலிருந்து உங்களுக்குக் கிடைப்பது உதட்டுக் குவிவும் உயிர்த் திரிபும் மட்டுமே. மூச்சொலிக்குச் சமஸ்கிருதத்தையும் கிரேக்கத்தையும்தான் கேட்க வேண்டும். கு-ந-அன்-ஸியில் உள்ள உ உண்மையான உயிரா, அல்லது க்வ்ன் என்ற மெய்க்கூட்டை எழுத வேறு வழி இல்லாததால் வந்ததா என்பதும் எழுத்திலிருந்து தெரியாது. விகுதியின் ஸி, பழைய தி. ஹிட்டைட்டில் இ-க்கு முன் த் ‘த்ஸ்’ ஆகிறது.

இந்த வினை வரும் இடங்களில் முக்கியமானது இல்லுயங்கா என்ற பாம்பின் கதை. புருல்லி விழாவோடு சேர்ந்த புராணம். புயல் தெய்வம் பாம்பைக் கொல்லும் இடத்தில் குவென்த, ‘கொன்றான்’. ரிக்வேதம் 1.32-இல் இந்திரனைப் பற்றி ‘அஹன்ன் அஹிம்’, பாம்பைக் கொன்றான். பண்டை ஈரானியரின் மறைநூலான அவெஸ்தாவில் யஸ்னா 9.8-இல் த்ரஏதஓனன் என்ற வீரன் ‘ஜனத் அஜீம் தஹாகம்’. மூன்றிலும் அதே வேர், மூன்றிலும் செயப்படுபொருள் பாம்பு. சொல் மட்டுமல்ல, சொற்றொடரே மரபாக வந்திருக்கிறது என்று மொழியியலாளர் கால்வர்ட் வாட்கின்ஸ் 1995-இல் விரிவாக வாதிட்டார். எனக்கு அந்த வாதம் வலுவாகவே படுகிறது. அஹி, அஜி இரண்டும் ஒரே சொல்லின் இரு கிளைகள். இல்லுயங்கா மட்டும் அந்தக் கணக்கில் நேராகச் சேராது.

தென்மொழி

தமிழின் ‘கொல்’ இங்கே ஏன் பேசப்படவில்லை? கொன்றான் என்பதில் ‘கொன்’ இருக்கிறது. *க்⁴வொன் என்ற ஒகர வடிவமும் உண்டு என்கிறீர்கள். பொருளும் ஒன்றே.

ஒலிநூல்

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, ஆகவே முழுதாகவே எழுதுகிறேன்.

கொன்றான் என்பதிலுள்ள ன் வேரைச் சேர்ந்ததல்ல. செல் > சென்றான், நில் > நின்றான், வெல் > வென்றான். லகர ஈற்று வினையோடு இறந்தகால ந்த் சேரும்போது வரும் புணர்ச்சி இது. வேரின் ஈறு ல் என்பதைக் கொல்வான், கொலை, கொல்லி எல்லாம் காட்டுகின்றன. கன்னடத்திலும் கொல். பர்ரோ-எமனோ திராவிட வேர்ச்சொல் அகராதியில் 2132-ஆம் பதிவு. அதாவது தொல்திராவிடத்திலேயே ல்.

மறுபக்கம் *க்⁴வென்- எங்கே போனாலும் ன். ஈறு பொருந்தவில்லை. உயிர்த்திரிபும் பொருந்தவில்லை: தமிழில் கொல் எந்த வடிவத்திலும் ஒகரத்தை இழப்பதில்லை, எகரமாவதும் இல்லை. மிஞ்சுவது முதல் மெய்யும் பொருளும் மட்டும். அவ்வளவு ஒற்றுமை உலகின் எந்த இரு மொழிக்கும் கிடைக்கும். வேர்த்தேடல் மேலே ‘வாய்பாட்டை வையுங்கள்’ என்றதன் பயன் இங்கேதான். தலைச்சொல்லை வைத்தால் ஏமாறுவோம்.

தென்மொழி

புணர்ச்சி வாதம் சரி. அப்படியானால் தமிழில் புழங்கும் வடசொற்கள் எவை இந்த வேரிலிருந்து வந்தவை? என் பட்டியல்: விக்கினம் (வி-க்⁴ன), சத்துருக்கன் (சத்ரு-க்⁴ன), பிரமகத்தி (ஹத்யா), அனாகதம் (அன்-ஆ-ஹத, ‘தட்டப்படாத’ ஒலி), காதகன் (கா⁴தக), கனசதுரத்தில் உள்ள கன (க⁴ன).

தாதுபாடம்

எல்லாம் சரி. ‘சங்கம்’ சேர்க்கலாம், நிபந்தனையோடு. ஸங்க⁴ என்ற சொல்லை ஸம்+ஹன் என்றே பாணினி 3.3.86 கொள்கிறது: ஒன்றாக அடித்து இறுக்கிய திரள். க⁴ன என்பதற்குத் ‘திண்மை’ என்ற பொருள் வந்ததும் அதே வழியில், முதலில் அடிப்பது, அடிக்கும் தடி, பிறகு அடித்து இறுகியது. ஆனால் ஸங்க³ (பற்று, சேர்க்கை) வேறு தாது, ஸஞ்ஜ். தமிழ் எழுத்தில் இரண்டும் ‘சங்கம்’ என்றே வரும்.

பக்கவாதத்தைச் சேர்க்கக் கூடாது. சமஸ்கிருதத்தில் பக்ஷாகா⁴தம் என்று ஒரு சொல் உண்டு, அது ஹன்னிலிருந்து வந்தது. தமிழில் நாம் சொல்வது வாதம், காற்று.

இம்சை பற்றிக் கேட்பார்கள், முன்கூட்டியே சொல்கிறேன். ஹன்னின் பழைய விழைவு வடிவத்திலிருந்து (‘கொல்ல விரும்பு’ என்ற பொருள் தருவது) ஹிம்ஸா வந்தது என்ற கருத்து உண்டு. ஆனால் இலக்கணப்படி ஹன்னின் விழைவு வடிவம் ஜிகா⁴ம்ஸதி. பாணினி மரபின் தாதுப் பட்டியலான தாதுபாடம் ஹிம்ஸ்-ஐத் தனித் தாதுவாகவே வைக்கிறது. பட்டியலில் கேள்விக்குறியோடு போடுங்கள்.

ஒலிநூல்

பட்டியலோடு ஒரு தடுப்புக் குறிப்பும் வேண்டும். பிரமகத்தியில் க இருப்பதைப் பார்த்து ‘தமிழ் பழைய க⁴-வைக் காப்பாற்றி வைத்திருக்கிறது’ என்று எழுதிவிடுவார்கள். இல்லை. ஹ இல்லாத தமிழ் எழுத்து ஹ-வுக்கு க போடுகிறது: மஹா > மகா, மோஹம் > மோகம். ஹத்யா > கத்தி, ஆஹத > ஆகதம் எல்லாம் அந்த வகை. விக்கினம், சத்துருக்கன், காதகன், கன இவற்றில்தான் உண்மையான க⁴ இருந்தது. தமிழ் எழுத்தில் இரண்டும் க-வாக விழுவதால், கடன்சொல்லை வைத்து மூல ஒலியைக் கணிக்கவே கூடாது. வெட்டும் கத்திக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

வேர்த்தேடல்

இனி எனக்குப் பிடித்த வடிவம்: ஜகா⁴ன, ‘கொன்றிருக்கிறான்’. ஒரே சொல்லில் நான்கு விதிகள் தெரிகின்றன.

மூலம் *க்⁴வெ-க்⁴வொன்-எ. வேரின் முதல் மெய் எ-வோடு இரட்டித்திருக்கிறது, வேரில் ஒ. முதல் அசையில் எ இருப்பதால் மெய் அண்ணமாகிறது: ஜ⁴. இரண்டாவதில் ஒ இருப்பதால் க⁴ அப்படியே நிற்கிறது. ஒரே சொல்லில் இரண்டு மூச்சொலி மெய்கள் அடுத்தடுத்த அசைகளில் நின்றால் முதலாவது மூச்சை இழக்கும், கிராஸ்மன் 1863-இல் சொன்னது: ஜ⁴ > ஜ. நான்காவது, திறந்த அசையில் நின்ற ஒ நீண்டு ஆ ஆகிறது, புருக்மன் விதி. எல்லாம் கூடி ஜகா⁴ன.

பழைய அயர்லாந்து மொழியில் அதே சொல் கெ³கு³இன், ‘கொன்றான்’. நிகழ்காலம் கொ³நித்³.

தாதுபாடம் அவர்களுக்காக: இரட்டிப்பில் க-வர்க்கமும் ஹ-வும் ச-வர்க்கமாகும் என்று 7.4.62 ‘குஹோஸ்சுஃ’ சொல்கிறது. அந்தச் சூத்திரத்துக்குப் பின்னால் இருந்த காரணம், இரட்டிப்பு உயிர் ஒருகாலத்தில் எ என்பது.

தாதுபாடம்

நல்ல பொருத்தம். அப்படியே தன்மை ஒருமையையும் விளக்க முடியுமா? 7.1.91 ‘ணல் உத்தமோ வா’ படி தன்மையில் நெடில் விருப்பம். ‘செய்’ என்ற பொருளுள்ள க்ரு தாதுவில் சகர, சகார இரண்டும் வரும். படர்க்கையில் சகார மட்டும்.

வேர்த்தேடல்

முடியும், அது இன்னும் சுவையானது. படர்க்கை விகுதி வெறும் எ. ஆகவே ஒ திறந்த அசையில் நிற்கிறது, நீள்கிறது. தன்மை விகுதியின் தொடக்கத்தில் பின்னர் மறைந்துபோன ஒரு குரல்வளை மெய் இருந்தது. அது முந்தைய அசையை மூடியதால் ஒ நீளவில்லை, குறில். வேத மொழியின் பழைய அடுக்கில் தன்மைக்குக் குறில்தான். பிறகு படர்க்கையைப் பார்த்துத் தன்மையிலும் நெடில் வந்தது. பாணினி இரண்டையும் கேட்டிருக்கிறார், இரண்டையும் பதிவு செய்தார். அவருடைய ‘வா’ ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்ததன் நேரடிச் சாட்சி.

களிமண்பலகை

இடறும் இடத்தையும் சொல்லுங்கள். ஹத, ‘கொல்லப்பட்ட’. மூலம் *க்⁴வ்ன்-தொ. நடுவில் ன் உயிர்போல் அசையாகி, பிறகு அ ஆனது. அங்கே எ கிடையாது. பிறகு ஏன் ஹ?

வேர்த்தேடல்

விதிப்படி *க⁴த வந்திருக்க வேண்டும். கிரேக்கத்தின் -ப²தொஸ் சரியாக நடந்துகொண்டிருக்கிறது. சமஸ்கிருதத்தில் ஹந்தியின் ஹ, ஹத-வுக்கும் பரவியது. இதை ஒப்புமையாக்கம் என்கிறோம், வாய்பாட்டின் ஒரு பகுதி மற்றதைத் தன்பக்கம் இழுப்பது. அவெஸ்தாவிலும் ஜத தான். பெஹிஸ்தூன் பாறையின் பழைய பாரசீகக் கல்வெட்டில் மன்னன் தாரியஸ் படைகளுக்கு இட்ட ஆணையும் ‘ஜதா’, அடியுங்கள். ஆகவே இந்த இழுப்பு இந்தியக் கிளையும் ஈரானியக் கிளையும் பிரியும் முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

ஏவல் ஒருமை ஜஹி இன்னொரு பொறி. இதிலுள்ள ஹ, ஹன்னின் ஹ அல்ல. *ஜ⁴-தி⁴ > கிராஸ்மன் விதியால் *ஜ-தி⁴ > தி⁴ மெலிந்து ஹி. வேருக்கு மிஞ்சியது ஜ மட்டும். பாணினி 6.4.36 ‘ஹந்தேர் ஜஃ’ இதைத்தான் சொல்கிறது. பழைய பாரசீகத்தில் விகுதி மெலியாமல் ஜதி³ய் என்றே நிற்கிறது.

ஒப்புமையாக்கம் என்பதை எல்லா விதிமீறலுக்கும் மருந்தாகப் போடக் கூடாது. எந்த வடிவம் இழுத்தது, எதை இழுத்தது, இழுபடாமல் மிஞ்சிய வடிவம் எங்கே என்று மூன்றையும் காட்ட வேண்டும். இங்கே இழுத்தது ஹந்தி, இழுபட்டது ஹத, மிஞ்சியது கிரேக்கத்தின் -ப²தொஸ்.

தென்மொழி

ஐரோப்பிய மொழிகளில் இன்றும் புழங்கும் சொற்கள்?

ஒலிநூல்

லத்தீனில் சொல்முதல் க்⁴வ, ஃப ஆகிறது. தேஃபெண்டோ ‘அடித்து விலக்கு’, ஒஃபெண்டோ ‘மோது’. முதலாவதிலிருந்து ஆங்கிலத்தின் டிஃபென்ட், டிஃபென்ஸ். டிஃபென்ஸின் முன்னசை உதிர்ந்து ஃபென்ஸ், வேலி. வாள்வீச்சு விளையாட்டின் பெயரும் அதுவே. ‘கொல்’ எப்படிக் ‘காப்பாற்று’ ஆனது என்று திகைக்க வேண்டாம், வேரின் அடிப்படைப் பொருள் அடிப்பது. எதிரே வருவதை அடித்துத் தள்ளினால் காப்பு.

பால்டிக், ஸ்லாவிய மொழிகளில் அடிப்பது ஓட்டுவதாயிற்று. லிதுவேனிய கெ³னு, மாட்டை ஓட்டுகிறேன். ரஷ்ய மொழியில் கொ³ன்யூ, விரட்டுகிறேன்.

ஜெர்மானியக் கிளைதான் தகராறு. நார்ஸ் மொழியில் கு³ன்ர் ‘போர்’, *க்⁴வ்ன்-தி-யா வகை. இதில் பெரிய ஐயம் இல்லை. இதிலிருந்து கு³ன்ஹில்ட் என்ற பெண்பெயர். வின்ட்சர் கோட்டையின் 1330–31 தளவாடப் பட்டியலில் ஒரு பெரிய எறிபொறியின் பெயர் ‘தோமினா குனில்டா’, சீமாட்டி குனில்டா. ஆங்கிலத்தின் ‘கன்’, துப்பாக்கி, அங்கிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஆனால் ஆங்கிலத்தில் ‘பேன்’ (கேடு, பழைய பொருள் கொலையாளி) இந்த வேரா? அப்படியானால் க்⁴வ இங்கே ப³ ஆகியிருக்க வேண்டும். ‘வார்ம்’ என்பதில் வ என்கிறார்கள். ஒரே ஒலிக்கு க³, ப³, வ மூன்று விளைவுகள், எந்தச் சூழலில் எது என்று ஒத்த கருத்து இல்லை. பேனை அடைப்புக்குறிக்குள் வைப்பேன்.

வேர்த்தேடல்

விளைவுகளை இன்னொரு வேரில் சோதித்துப் பார்ப்பதே சரியான வழி. அதே முதல் மெய்யோடு *க்⁴வெர்- ‘சூடு’ இருக்கிறது. கிரேக்கம் தெ²ர்மொஸ் (எ-வுக்கு முன் த²), லத்தீன் ஃபொர்முஸ், சமஸ்கிருதம் க⁴ர்ம (ஒ-வுக்கு முன் க⁴), ஹரஸ் (எ-வுக்கு முன் ஹ), பாரசீகம் க³ர்ம். தெர்மாமீட்டரின் ‘தெர்ம’வும் கரம் மசாலாவின் ‘கரம்’உம் ஒரே வேர். நாம் *க்⁴வென்-னுக்கு எழுதிய பட்டியல் இங்கே ஓரிடத்திலும் திருத்தம் கேட்கவில்லை. ஒரு வேருக்காக மட்டும் செய்த விதி விதியே அல்ல.

தாதுபாடம்

அப்படியானால் க³ம் தாதுவையும் சோதித்தேன். ஜகா³ம ஒழுங்காக இருக்கிறது, ஜகா⁴ன போலவே. ஆனால் அதன் மூலம் *க்³வெம்- என்கிறார்கள். எ-வுக்கு முன் ஜ வர வேண்டாமா? ஏன் ஜம் இல்லை?

வேர்த்தேடல்

அவெஸ்தாவில் ஜம்- இருக்கிறது. சமஸ்கிருதத்தில் க³த (*க்³வ்ம்-தொ) போன்ற எ இல்லாத வடிவங்களின் க³, எ உள்ள வடிவங்களையும் இழுத்துக்கொண்டது. ஹன்னில் ஹந்தி வென்றது, ஹத அதன் பின்னால் போயிற்று. க³ம்-மில் க³த வென்றது. கவனியுங்கள், ஹத-வுக்கு *க⁴த-தான் விதிப்படி வர வேண்டிய வடிவம் என்று மேலே சொன்னதற்குச் சமஸ்கிருதத்துக்குள்ளேயே சாட்சி இந்தக் க³த. இரண்டு தாதுக்களின் வாய்பாட்டையும் அருகருகே எழுதி, எந்தெந்த வடிவத்தில் பழைய எ இருந்தது என்று குறித்துக்கொண்டு, அவெஸ்தா வடிவங்களை மூன்றாவது வரிசையில் போடுங்கள். அடுத்து ஜி ‘வெல்’ என்ற தாதுவின் ஜிகா³யவையும் சி ‘அடுக்கு’ என்ற தாதுவின் சிகாயவையும் அதே தாளில் சேருங்கள். அங்கே இரட்டிப்பில் இ, வேரில் பழைய ஒ. க-வர்க்கம் எந்த இடத்தில் திரும்பி வருகிறது என்று பார்த்து எழுதுங்கள், தொடர்வோம்.